தேவனாம்பட்டினத்தில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், மாடியில் 8தான் வருது: பிளானை ஏத்தணுமா, மெஷ் வாங்கணுமா?

மாடிவீடு கேட்டது:

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம், கடற்கரைக்கு அரை கிலோமீட்டருக்குள்ள வீடு. கீழ்த்தளமும் ஒரு மாடியும். ஃபைபர் கனெக்‌ஷன் 100 எம்பிபிஎஸ். ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வந்து சேர்ந்து வைஃபை கொடுக்குற பெட்டி) கீழ ஹால்ல டிவிக்குப் பின்னாடி மாட்டியிருக்கு, 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் ரெண்டும் உண்டு. ஹால்ல போன்ல 90-க்கு மேல வருது. மாடியில பின்பக்க ரூம்ல 6லேர்ந்து 8. நடுவுல கான்கிரீட் தளமும் ரெண்டு ஒன்பது இன்ச் சுவரும் இருக்கு. பசங்க ஆன்லைன் வகுப்பு அந்த ரூம்லதான்.

அங்க இருக்குற கம்ப்யூட்டர் ஐ3 3220, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணி பிரவுசர் திறக்க நாலு நிமிஷம் ஆகுது. மழை பெஞ்சா ஓஎன்டியில அப்பப்போ சிவப்பு லைட். கரண்ட் போனா நெட்டும் போயிடுது.

மொத்தம் 12,000 ரூபாய்க்குள்ள முடிக்கணும். 300 எம்பிபிஎஸ் பிளான், மெஷ் (ஒண்ணோட ஒண்ணு பேசி வைஃபையைப் பரப்புற பெட்டிகள்), புது கம்ப்யூட்டர், இதுல எதுக்கு முதல்ல செலவு பண்ணலாம்?


செப்புக்கம்பி:

பிளானை ஏத்தாதீங்க. ஹால்ல 90 வருதுன்னா வாசல் வரைக்கும் உங்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்தாச்சு. அது தொலையற இடம் ஹாலுக்கும் மாடிக்கும் நடுவுல. 300 வாங்கினாலும் மாடியில அதே 8தான் வரும். வீடியோ வகுப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். எச்டி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 25 இருந்தா தாராளம். நாலு பேர் ஒரே நேரத்துல வகுப்போ எச்டி படமோ பார்த்தாலும் 100-ல மிச்சம் இருக்கும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுங்க. லேப்டாப்பை ஓஎன்டியோட முதல் லேன் போர்ட்டுல கேபிள் வழியா சொருகி, காலை 6 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் வேகம் பாருங்க. ரெண்டு நேரமும் 95 பக்கம் நின்னா சேவையில குறை இல்ல. ராத்திரி மட்டும் 30-க்கு இறங்கினா நெரிசல் வெளியில, வீட்டுக்குள்ள எதை மாத்தியும் பிரயோஜனம் இல்ல. அடுத்தது, மாடி கம்ப்யூட்டர்லேர்ந்து ஓஎன்டியோட முகவரியான 192.168.1.1-க்கு ஒரு நிமிஷம் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற கட்டளை) ஓடட்டும். எல்லாம் 5 மில்லிசெகண்டுக்குள்ள வந்தா வைஃபை நல்லா இருக்கு. 3, 4, 180, 5, 240-ன்னு குதிச்சாலோ நடுவுல பதில் வராம போனாலோ கோளாறு வைஃபையிலதான்.

உங்க அமைப்புக்கு என் ஒரே பதில் கேபிள். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை கம்பி கட்டின கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போதே பெரும்பகுதி போயிடும். 2.4 தாண்டும், ஆனா பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் அதுலதான் பேசிக்கிட்டு இருக்கு.

20 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்குங்க, முழுச் செம்பா இருக்கணும். விலை மலிவா கிடைக்கிறது பெரும்பாலும் அலுமினியத்து மேல செம்பு பூசின கம்பி. பிளேடால கம்பியைச் சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். கடலோரத்துல அந்த அலுமினியம் முனையில பொடிஞ்சு போகும். வெளிச்சுவர் வழியா கேபிள் போறதுன்னா வெயில் தாங்குற கறுப்பு உறைக் கேபிளா கேளுங்க. சாம்பல் நிற உள்வீட்டுக் கேபிள் உறை வெயில்ல சில வருஷத்துல வெடிச்சு, உள்ள தண்ணி இறங்கும். 8 மில்லிமீட்டர் பிட் போதும். துளையை வெளிப்பக்கம் சாய்வா போடுங்க. துளைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கேபிளை ஒரு சாண் கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க, மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். கரண்ட் ஒயர் போற பைப்புல இதைச் சேர்த்து இழுக்கக் கூடாது.

கேபிள் நுனியில ஆர்ஜே45 பிளக் முனை போடறப்ப ரெண்டு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல பிரிக்காதீங்க. வெளி உறை முனைக்குள்ள போய் கடிபடணும், இல்லன்னா நாலு தடவை அசைச்சதும் கம்பி கழண்டுடும். ரெண்டு பக்கமும் கிகாபிட் போர்ட்டா இருந்தும் இணைப்பு 1000-க்குப் பதிலா 100-ன்னு காட்டினா நீலமோ பிரவுனோ எங்கயோ ஒட்டல.

மாடியில கேபிள் கம்ப்யூட்டருக்கு நேரா போனா வேலை முடிஞ்சுது. போனுக்கும் வேணும்னா ஒரு ரூட்டர் வைங்க, பழசு இருந்தாலும் பரவாயில்ல. ஓஎன்டியோட இணைக்கிறதுக்கு முன்னாடியே அதோட முகவரியை 192.168.1.2-ஆ மாத்தி, டிஎச்சிபியை (ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்குற வேலை) அணைச்சுடுங்க. கேபிளை அதோட வான் (வெளி நெட்டுக்கான) போர்ட்டுல சொருகாம லேன் போர்ட்டுல சொருகுங்க. இந்த ரெண்டுல ஒண்ணை மறந்தா வீட்டுல பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது. காரணம் தேடியே ஒரு நாள் போயிடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழ உள்ளதே. 2.4 சேனல் கீழ 1, மாடியில 6 இல்ல 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.


ஒளியிழை:

மழைக்கு வர்ற சிவப்பு லைட் தனி விஷயம், கேபிள் போட்டா தீராது. ஓஎன்டி பக்கத்துக்குள்ள போனா ஆப்டிகல் பவர்னு ஒரு எண் இருக்கும், டிபிஎம் (dBm)ங்கிற அளவுல. மைனஸ் எண் பெருகப் பெருக வர்ற ஒளி குறைவுன்னு அர்த்தம். மைனஸ் 18-லேர்ந்து மைனஸ் 24 வரைக்கும் நிம்மதி. சாதாரண ஜிபான் (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்குற முறை) பெட்டிக்கு மைனஸ் 27 கடைசி எல்லை. வெயில் நாள்லயே மைனஸ் 26 காட்டினா மழையில விழாம என்ன செய்யும்? வெயில்ல ஒண்ணு, மழையில ஒண்ணு, ரெண்டையும் போட்டோ எடுத்து வைங்க. ‘நெட் ஸ்லோ’ன்னு புகார் கொடுத்தா ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுவாங்க. ‘மழையில பவர் மைனஸ் 28-க்குப் போகுது’ன்னு சொன்னா ஏணியோட ஆள் வரணும்.

வர்றவர்கிட்ட மூணு இடம் பார்க்கச் சொல்லுங்க. கம்பத்துல இருக்குற ஜாயின்ட் பெட்டி மூடி சரியா இருக்கா, உள்ள தண்ணி நிக்குதா? வீட்டுக்குள்ள முனை ஃபாஸ்ட் கனெக்டரா (உருக்கி ஒட்டாம கையால மாட்டினதா)? அதுல இருக்குற ஜெல் நாளாக ஆகக் காஞ்சு இழப்பு கூடும். ஒட்டு மெஷின்ல உருக்கி ஒட்டித் தரச் சொல்லுங்க. டிவிக்குப் பின்னாடி மஞ்சள் ஃபைபர் கயிறு மடங்கிக் கிடக்கா? உள்ளங்கை அகல வட்டத்துக்குச் சின்னதா சுருட்டக் கூடாது. பச்சை முனையில நீல முனையைச் சொருகினா உக்காரும், ஆனா பச்சை 8 டிகிரி சாய்வா தேய்ச்சது. ரெண்டும் பொருந்தாம ஒளி சிதறிடும். கழட்டின முனையைக் கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்க, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஆபத்து.

இன்னொண்ணு. கம்பத்துலேர்ந்து வர்ற கறுப்பு ட்ராப் கேபிள்ல ஒரு எஃகுக் கம்பி ஓடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அந்த எஃகு கடத்தும். வெளிச்சுவர் கொக்கியிலயே அதைக் கட்டி வெட்டிடணும், வீட்டுக்குள்ள வரவிடக் கூடாது. ஐப்பசி இடியில ஓஎன்டி எரியறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.


முத்தியால்பேட்டை:

செப்புக்கம்பி சொல்றது சரிதான், ஆனா எல்லா வீட்டுக்கும் கேபிள்னு சொல்லிட முடியாது. புதுச்சேரியில ஒயிட் டவுன் பக்கம் ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர் வீட்டுல வாடகைக்கு இருக்குறவங்க துளை போட முடியாது. அங்க மெஷ்தான் வழி. ரெண்டாவது பெட்டியை நெட் வராத ரூம்ல வைக்காம, மாடிப்படித் திருப்பத்துல, நல்ல அலை கிடைக்கிற பாதி தூரத்துல வைக்கணும். வராத இடத்துல கொண்டுபோய் வெச்சா அதுக்கே ஒண்ணும் கிடைக்காது, பசங்களுக்கு எதைக் கொடுக்கும்? மாடிவீடு சொந்த வீடுன்னா நானும் கேபிளுக்கே ஓட்டு.

கரண்ட் விஷயம். ஓஎன்டி அடாப்டர்ல 12 வோல்ட்னு இருக்கா பாருங்க, சில ரூட்டர் 9 வோல்ட். 12 வோல்ட்னா 12 வோல்ட் 2 ஆம்பியர் மினி யுபிஎஸ் வாங்குங்க. பின் தடிமன் மில்லிமீட்டர்ல 5.5-க்கு 2.1-ம் உண்டு, 5.5-க்கு 2.5-ம் உண்டு, மாறினா லூசா நின்னு அசையும்போதெல்லாம் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். டப்பா மேல போட்டிருக்குற 8000 எம்ஏஎச் 3.7 வோல்ட் கணக்கு. 8 ஆம்பியர் அவரை 3.7-ஆல பெருக்கினா 29.6 வாட் அவர், மாற்றத்துல போறது போக 25. ஓஎன்டி 8 வாட் இழுத்தா மூணு மணி நேரம். மாசாந்திர பராமரிப்பு மின்தடை நாள் முழுக்கப் போகும், அதுக்கு இது பத்தாது. அன்னிக்கு ஓஎன்டி அடாப்டரை இன்வெர்ட்டர் பிளக்குல சொருகிடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி சேவைக்காரர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: எக்ஸ்சேஞ்சுலேர்ந்து வீடு வரைக்கும் நடுவுல கரண்ட் வேணும்ங்கிற பெட்டி எதாவது இருக்கா? ஜிபான்ல நடுவுல இருக்குறது வெறும் கண்ணாடிப் பிரிப்பான், அதுக்குக் கரண்ட் வேண்டாம். சில உள்ளூர் கேபிள்காரங்க கம்பத்துல சுவிட்ச் மாட்டியிருப்பாங்க. தெருவுல கரண்ட் போனா அது செத்துடும், உங்க யுபிஎஸ் சும்மா எரிஞ்சுக்கிட்டிருக்கும். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 ‘ஃபெஞ்சல்’ புயல் மாதிரி நாள்ல கம்பமே சாயும். அதுக்கு வேற கம்பெனி சிம் போட்ட போன் ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கும்.


மாடிவீடு:

ரொம்ப நன்றி. அளவு எடுத்தேன். கேபிள்ல காலையில 96, ராத்திரி 93. மாடியிலேர்ந்து பிங் 4-லேர்ந்து 310 வரைக்கும் குதிக்குது, அறுபதுல ஏழு வரவே இல்ல. ஆப்டிகல் பவர் இன்னிக்கு வெயில்ல மைனஸ் 25.8. கேபிள்தான்னு முடிவு பண்ணிட்டேன், பவர் எண்ணைச் சொல்லி புகாரும் கொடுத்துட்டேன். கம்ப்யூட்டரைப் பத்தி யாராவது சொல்லுங்க. கடையில புதுசுதான் வாங்கணும்னு சொல்றாங்க.


பழையபெட்டி:

வேண்டாம். அந்த ஐ3 இன்னும் படிப்பு, டைப்பிங், வீடியோ வகுப்பு எல்லாத்துக்கும் போதும். நாலு நிமிஷம் ஆகறதுக்குக் காரணம் ஹார்டு டிஸ்க். சின்னச் சின்னக் கோப்பா தேடிப் படிக்கிறப்ப அது நொடிக்கு நூறு தடவைதான் எட்டிப் பார்க்கும், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிரைவ்) ஆயிரக்கணக்குல. ரெண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 240 அல்லது 256 ஜிபி வாங்குங்க. எச்61 போர்டுல எம்.2 குச்சி வகை நேரா ஏறாது. அந்தப் போர்டு சாட்டா 2 வேகம்தான் தரும், அதனால 550-ன்னு போட்ட டிரைவ் 280 பக்கம் ஓடும். அதுக்காக விலை கூடின மாடல் வாங்கிக் காசை வீணாக்காதீங்க.

ரேம் டிடிஆர்3 1600, 4 ஜிபி இன்னொண்ணு, டெஸ்க்டாப் வகைன்னு சொல்லிக் கேளுங்க. லேப்டாப் ரேம் நீளம் குறைவு, உக்காராது. ரெண்டாவது ஸ்லாட்டுல போட்டா 8 ஜிபி ஆகி இரட்டைச் சேனலும் கிடைக்கும். கடலூர்ல கிடைக்கலன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நிச்சயம் இருக்கும்.

மூடியைத் திறந்ததும் போர்டுல இருக்குற நாணயம் மாதிரி சிஆர்2032 பேட்டரியையும் மாத்திடுங்க. அது தீர்ந்தா தேதி பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லன்னு தடுக்கும். நெட் போச்சுன்னு நிறைய பேர் ரூட்டரைத் திட்டறது இதுக்குத்தான்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் இன்டெல்ல எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப்பும் (TPM, மேல சொன்ன ஒளி அளவு இல்ல) கேக்குது, உங்களது மூணாம் தலைமுறை. குறுக்கு வழியில ஏத்தலாம், ஆனா அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. பசங்க கையாளுற பெட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்க, 2029 வரைக்கும் அப்டேட் வரும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். முதல்ல இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லேர்ந்தே ஓட்டி, சத்தம், கேமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் எம்17என் மூலமா வரும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டு எஸ்எஸ்டியில மட்டும் இன்ஸ்டால் பண்ணா போட்டோ, கோப்பு எதுவும் தவறி அழியாது. வீட்டுல யாராவது டாலியில கணக்கு எழுதினா மட்டும் இந்த யோசனையை விடுங்க, அதுக்கு விண்டோஸ்தான்.

கடைசியா உப்பு. கடலுப்பு காத்து ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினதும் தானாவே தண்ணியை இழுத்துக் கரையும். போர்டு மேல அது படிஞ்சிருந்தா மழைக்கால ராத்திரியில மெல்லிசா ஈரப்படலம் உருவாகி முனைகளை அரிக்கும். கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ல வைக்காதீங்க, ஃபேன் நேரா உப்பை இழுக்கும். வாரக்கணக்குல அணைச்சுப் போட்டு வைக்கிறதைவிட தினம் ஒரு மணி நேரமாவது ஓடிச் சூடாகறது நல்லது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிளக்கைக் கழட்டிட்டு, தூசியை ஊதி, ரேம் தங்கமுனையைப் பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால துடைங்க. ஈரத்துணி வேண்டாம்.


செப்புக்கம்பி:

மைனஸ் 25.8-ங்கிறது எல்லைக்கு 1.2 டிபிதான் உள்ள. ஒளியிழை சொன்ன ஒட்டு வேலை முடிஞ்சதும் எண் மைனஸ் 22 பக்கம் வரணும். ஆள் கிளம்பறதுக்கு முன்னாடியே பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க.

கேபிள் இழுக்கும்போது ஒண்ணுக்கு ரெண்டா இழுத்துடுங்க. துளையை மட்டும் 8 மில்லிமீட்டருக்குப் பதிலா ரெண்டு கேபிளும் நுழையற அளவுக்குப் போடுங்க. துளை போடற உழைப்பு ஒரே தடவைதான், அடுத்ததுக்குக் கேபிள் விலை மட்டும்தான் கூடும். ரெண்டு முனையிலயும் கூடுதலா ஒரு முழம் சுருட்டி வைங்க. கடலோரத்துல முனை பச்சை பிடிச்சா வெட்டிட்டு மறுபடி கிரிம்ப் பண்ண அந்த நீளம் வேணும்.