உதவி: கார்ல டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி ஹேண்டில் சும்மா சுத்துது, 5 மாசத்துல ரெண்டாவது ஹேண்டில் போச்சு

அரைக்கண்ணாடி:
வணக்கம் மக்களே. 1997 மாடல் வண்டி, நாலு டோரும் கையால சுத்துற கண்ணாடிதான். டிரைவர் பக்க ஹேண்டில் போன வருஷம் கழுத்துகிட்ட உடைஞ்சு கையோட வந்துடுச்சு, சரி அதுக்கும் வயசாச்சுன்னு மிச்சத்த ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பி எடுத்துட்டு புதுசு ஒன்னு வாங்கி நானே தள்ளி மாட்டுனேன், அது 5 மாசம் கூட தாங்கல. இப்ப சுத்துனா டக் டக்னு சத்தம் மட்டும் வருது, கண்ணாடி நகர மாட்டேங்குது, சரியா பாதில நிக்குது. உள்ளங்கைய வச்சு ஹேண்டில டோரோட சேத்து அழுத்திகிட்டே சுத்துனா மட்டும் கொஞ்சம் ஏறுது, அழுத்தத்த விட்டா மறுபடி வழுக்குது. மழை வந்தா சீட்டு காலி.

போன தடவ நெம்புனப்ப டோர் பேட்ல, அதாவது கதவோட உள்பக்கத்த மூடுற அட்டைல, பெருசா ஒரு கீறல் விழுந்துச்சு, அதனால இந்த தடவ கை வைக்கவே பயமா இருக்கு. ஹேண்டில்ல ஸ்க்ரூ எதுவும் கண்ணுல படல. இத எப்படி சேதாரம் இல்லாம கழட்டுறது? பல்லு தேஞ்சது ஹேண்டில்லயா இல்ல உள்ள இருக்குற கம்பிலயா? மூணாவதா ஒன்னு வாங்கி போட்டா அதுவும் போயிடுமோன்னு இருக்கு.

ரெண்டுகியர்:
பேசாம பவர் விண்டோ போட்டுடுங்க ப்ரோ, சுத்துற வேலையே இல்ல 😄

பட்டறைமூலை:
பவர் விண்டோ போட்டாலும் அதே கண்ணாடி அதே ரப்பர்குள்ளதான் ஏறி இறங்கணும், இன்னைக்கு ஹேண்டில தின்னது நாளைக்கு மோட்டாரையும் தின்னும். மொதல்ல என்ன வியாதின்னு பாப்போம்.

தம்பி, ஸ்க்ரூ தெரியலன்னா பெரும்பாலும் லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு ஸ்பிரிங் கிளிப்தான் அத புடிச்சுருக்கும். சில வண்டில நடுவுல ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அத எடுத்தா உள்ள ஸ்க்ரூ இருக்கும், அதையும் ஒரு தடவ நகத்தால தடவி பாத்துக்க. கிளிப் டைப்னா நெம்பவே வேணாம். ஹேண்டிலுக்கு பின்னாடி வட்டமா ஒரு பிளாஸ்டிக் வாஷர் இருக்கும்ல, ஹேண்டிலுக்கும் அந்த வாஷருக்கும் நடுவுல ஒரு பழைய பருத்தித் துணிய நுழைச்சு ரெண்டு முனையையும் இழுத்து புடிச்சுகிட்டு, ஷூவுக்கு பாலிஷ் போடுற மாதிரி இந்த பக்கம் அந்த பக்கம் இழு, இழுக்கும்போது கொஞ்சம் மேல தூக்குன மாதிரி இழு. துணியோட நூலு கிளிப்போட முனையில மாட்டி வெளிய தள்ளிடும். வரலன்னா துணிய எதிர் பக்கத்துல இருந்து விட்டு பாரு, கிளிப் எந்த பக்கம் வாய தொறந்துருக்கோ அந்த பக்கத்துல இருந்துதான் தள்ளணும். டார்ச் அடிச்சு பாத்தா தெரியும். கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்க, கிளிப் பறக்கும்.

வைப்பர்ராஜா:
கழட்டுனதும் அவசரத்துக்கு கட்டிங் பிளேயரால அந்த ஷாஃப்ட்ட, அதான் ஹேண்டில் மாட்டுற பல்லு வச்ச கம்பிய, புடிச்சு சுத்தி கண்ணாடிய ஏத்திடுங்க, நான் 2 வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன், பிளேயர் டோர் பாக்கெட்லயே கெடக்கும்.

பட்டறைமூலை:
ஏத்தி மூடுறதுக்கு ஒரு தடவன்னா பரவால்ல, அதுவும் துணி சுத்தி புடிங்க. தினம் பண்ணாதீங்க. ஹேண்டில் பிளாஸ்டிக், இல்லன்னா துத்தநாக வார்ப்பு, அது தேஞ்சா தூக்கி போட்டு வேற வாங்கலாம். ஆனா அந்த ஷாஃப்ட் கண்ணாடிய ஏத்தி இறக்குற விண்டோ மெஷினோட ஒட்டுனது, அதோட பல்ல பிளேயர் கடிச்சு நசுக்கிடுச்சுன்னா அப்புறம் எந்த ஹேண்டிலும் நிக்காது, மெஷினையே மாத்தணும்.

அரைக்கண்ணாடி:
அண்ணே துணி போட்டு இழுத்தேன். ஆனா நீங்க சொன்ன மாதிரி எதுவும் பறக்கல, ரெண்டே இழு, ஹேண்டில் அப்படியே கையோட வந்துடுச்சு, கிளிப் ஹேண்டில்லயே மாட்டிகிட்டு இருக்கு. இவ்ளோ ஈசியா வரும்னு தெரிஞ்சிருந்தா ஒரு மாசம் முன்னாடியே கழட்டிருப்பேன். ஷாஃப்ட் பல்லு பாக்க நல்லா கூர்மையாதான் இருக்கு. ஹேண்டில் ஓட்டைக்குள்ள பாத்தா பல்லே இல்ல, மோதிரத்தோட உள்பக்கம் மாதிரி வழவழன்னு இருக்கு. அப்ப புது ஹேண்டில் மட்டமான சரக்குன்னு முடிவு பண்ணிடலாமா?

பட்டறைமூலை:
அவசரப்படாத. கிளிப் பறக்காம ஹேண்டிலோட வந்துச்சுன்னா அது ஷாஃப்ட்ல இருக்குற காடில (வெட்டுப் பள்ளத்துல) உக்காரவே இல்லன்னு அர்த்தம். அழுத்தி புடிச்சா ஏறுதுன்னு மொதல்லயே சொன்ன பாரு, அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். டார்ச்ச நேரா அந்த ஓட்டைக்குள்ள அடிச்சு பாரு, வாய்ப்பகுதியில மட்டும் வழவழன்னு இருக்கா, இல்ல அடி ஆழம் வரைக்கும் தேஞ்சிருக்கா? அப்புறம் இன்னொன்னு, டோர் பேட் மேல ஏதாவது ஒட்டிருக்கியா?

அரைக்கண்ணாடி:
அண்ணே!!! ஆழத்துல பல்லு புதுசு மாதிரி அப்படியே இருக்கு. வாசல்ல ஒரு 4 எம்எம் அளவுக்குதான் தேஞ்சிருக்கு. டோர் பேட் விஷயம், ஆமா, அந்த கீறல் அசிங்கமா இருந்துச்சுன்னு பஞ்சு வச்சு ரெக்சின் ஒட்டுனேன், அது முடிச்சுட்டுதான் புது ஹேண்டில் மாட்டுனேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பட்டறைமூலை:
அதான் சம்பந்தம். பஞ்சும் ரெக்சினும் சேந்து டோர் பேட்ட தடியாக்கிடுச்சு, ஷாஃப்ட் வெளிய நீட்டிகிட்டு இருக்குற நீளம் மட்டும் அதேதான். அதனால ஹேண்டில் முழுசா உள்ள போகல, ஷாஃப்ட் நுனி மட்டும் ஓட்டையோட வாசல்ல ஒரு 4 எம்எம் புடிச்சுகிட்டு நின்னுருக்கு. முழு பல்லும் தாங்க வேண்டிய பாரத்த நுனி மட்டும் தாங்குனா அது எத்தன நாள் தாங்கும். நீ கையால அழுத்துனப்ப பஞ்சு அமுங்கி உள்ள இருக்குற நல்ல பல்லு போய் மாட்டிருக்கு, அதான் ஏறிருக்கு.

ஹேண்டில் வாஷர் உக்கார்ற எடத்துல வாஷர் அளவுக்கு வட்டமா பஞ்சையும் ரெக்சினையும் பிளேடால வெட்டி எடுத்துடு. ஹேண்டிலோட விளிம்பு அந்த வெட்ட மறைச்சுடும், அசிங்கமா தெரியாது.

ஆனா மொத ஹேண்டில் ரெக்சின் ஒட்டுறதுக்கு முன்னாடியே கழுத்துல உடைஞ்சிருக்கு, அதுக்கு இது காரணம் இல்ல. பக்கத்து டோர் ஹேண்டில கழட்டி இங்க மாட்டி சுத்தி பாரு. அங்க எவ்வளவு லேசா இருக்கு, இங்க எவ்வளவு லேசா இருக்குன்னு சொல்லு.

அரைக்கண்ணாடி:
பக்கத்து டோர்ல கிளிப் நிஜமாவே பறந்துச்சு, டிக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி, ஆளே காணோம். சீட்டுக்கு அடில மேட்டுக்கு அடில எல்லாம் தேடிட்டேன். கிளிப் இல்லாமலே கையால அழுத்தி புடிச்சு சுத்தி பாத்தேன். கழட்டுறதுக்கு முன்னாடி அந்த டோர்ல ரெண்டு விரல் போதும், வெண்ணெய் மாதிரி போச்சு. டிரைவர் பக்கம் தோள்பட்டையே வேல செய்யுது, மேல போற கடைசி முக்கால் சுத்துல கண்ணாடி முன்பக்கமா சாஞ்சு கிரீச்னு கத்துது.

வைப்பர்ராஜா:
இதுக்கு கண்ணாடி ஓரத்துல எஞ்சின் ஆயில் ரெண்டு சொட்டு விடுங்க போதும், நான் விட்டேன் சூப்பரா போச்சு.

பட்டறைமூலை:
ரெண்டு வாரம்தான் நல்லா போயிருக்கும். ஆயில் பட்டா ரப்பர் ஊறி உப்பும், அதுல புழுதி ஒட்டும், அப்புறம் முன்ன விட டைட்டு. ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே, மெஷின் பல்லுக்கும் ரோலருக்கும் கிரீஸ், ரெண்டையும் மாத்தி போடக்கூடாது.

தம்பி, டோர் பேட்ட தொறந்துதான் ஆகணும். அதுக்கு முன்னாடி கண்ணாடிய முழுசா ஏத்தி மேல ஃபிரேமோட சேத்து ரெண்டு பக்கமும் டேப் ஒட்டிடு, உள்ள கை இருக்கும்போது கண்ணாடி இறங்குனா விரல் போயிடும். கைப்பிடி ஸ்க்ரூ, உள்பக்க லீவர் சுத்தி இருக்குற ஸ்க்ரூ எல்லாம் மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும், ஒன்ன விட்டுட்டு இழுத்தா பேட் கிழியும். ஓரத்து கிளிப்ப எல்லாம் கீழ இருந்து ஒவ்வொன்னா எடுத்துட்டு கடைசியில மேல தூக்கு. உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் பிசினோட ஒட்டிருக்கும், அத கிழிக்காம உரி, திரும்ப அப்படியே ஒட்டணும், இல்லன்னா மழைத்தண்ணி டோர் வழியா கால் கீழ வந்து நிக்கும். டோர் தகடு ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்க.

மழைக்கோட்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் சார், எனக்கு ஹேண்டில் டைட்டா நல்லாதான் இருக்கு, ஆனா ஏத்தி வச்ச கண்ணாடி பள்ளத்துல வண்டி குதிச்சா தானா கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, ஹேண்டிலும் கூடவே தானா சுத்துது. இதுவும் பல்லு பிரச்சனையா?

பட்டறைமூலை:
இல்லைங்க, உங்களுது வேற கதை. ஹேண்டிலுக்கு பின்னாடி மெஷின்ல ஒரு சின்ன டிரம் இருக்கும், அதுக்குள்ள சுருள் ஸ்பிரிங் ஒன்னு பிரேக் வேல பாக்கும். கையால சுத்துனா ஸ்பிரிங் சுருங்கி வழி விடும், கண்ணாடி எடை கீழ இருந்து இழுத்தா விரிஞ்சு டிரம்முல இறுக்கி புடிச்சுக்கும். ஹேண்டில் தானா சுத்துதுன்னா அந்த ஸ்பிரிங் தேஞ்சிருக்கணும் இல்ல உடைஞ்சிருக்கணும், அத தனியா மாத்துறது சிரமம், மெஷினோட மாத்துறதுதான் வழி. ஹேண்டில் அசையாம கண்ணாடி மட்டும் இறங்குனா கண்ணாடி அடில புடிச்சுருக்குற கிளாம்ப், கேபிள் இதெல்லாம் பாக்கணும்.

மாத்தும்போது ஒரு எச்சரிக்கை. கேபிள் டைப்னா பயம் இல்ல. விசிறி மாதிரி பெரிய பல்லுத் தகடும் கத்திரிக்கோல் மாதிரி கையும் இருக்குற டைப்புல, கடிகார ஸ்பிரிங் மாதிரி தடியா ஒன்னு சுருண்டு இருந்தா, அது கண்ணாடி எடைய தாங்க முறுக்கி வச்சது. அந்த தகட்ட பாடியோட சேத்து ஒரு போல்ட் போட்டு பூட்டாம பல்ல பிரிச்சீங்கன்னா கை மேல அடிக்கும். இத வெளாட்டுக்கு சொல்லல, எனக்கு ஒரு விரல் இன்னும் சரியா மடங்காது.

மழைக்கோட்டு:
நன்றி சார். என்னோடது விசிறி டைப், ஸ்பிரிங்கும் இருக்கு. நான் தொடல, ஆள் வச்சே பாத்துக்குறேன்.

அரைக்கண்ணாடி:
ஞாயித்துக்கிழம காலைல ஆரம்பிச்சேன், முடிக்க மதியம் தாண்டிடுச்சு. தொறந்து பாத்தா பாவமா இருந்துச்சு. முன்பக்கம் கண்ணாடி ஓடுற சேனல்ல இருக்குற ரப்பர் காடிய விட்டு நழுவி கீழ சுருண்டு பந்து மாதிரி கெடக்கு, அதனால மேல போகப் போக கண்ணாடி அந்த பக்கம் சாஞ்சு தகட்டுல ஒரசிருக்கு. ரோலர் கிரீஸ் காஞ்சு காதுக் குறும்பி மாதிரி கட்டியா ஒட்டிகிட்டு இருக்கு, ரோலர் உருளவே இல்ல, இழுபட்டுதான் போயிருக்கு. பின்பக்க கைட் ரெயிலோட 10 எம்எம் போல்ட் ஒன்னு கையாலயே சுத்துற அளவுக்கு லூஸ்.

பழைய கிரீஸ மொத்தமா சுரண்டி துடைச்சுட்டு புதுசு வச்சேன். ரப்பர இழுத்து திரும்ப காடில உக்கார வச்சேன், அது ஓரம் பிஞ்சிருக்கு, ஒரு நாள் மாத்தணும். அந்த போல்ட்ட எப்படி வச்சு டைட் பண்றதுன்னு தெரியல, ரெயில் ஓட்டை நீளமா இருக்கு, முன்ன பின்ன நகருது.

பட்டறைமூலை:
நீளமா இருக்குறதே அட்ஜஸ்ட் பண்ணத்தான். போல்ட்ட லேசா புடிக்கிற மாதிரி வச்சுட்டு கண்ணாடிய மேல முழுசா ஏத்து, ரெயில் அதுவா தனக்கு வேண்டிய எடத்துக்கு வரும், அப்ப டைட் பண்ணு. இறக்கி ஏத்தி பாரு, எங்கயாவது புடிச்சா திரும்ப லூஸ் பண்ணி மறுபடி.

ஹேண்டில் மாட்டும்போது கிளிப்ப மொதல்ல ஹேண்டிலோட காடில சொருகிடு, அப்புறம் ஹேண்டில ஷாஃப்ட்ல வச்சு உள்ளங்கையால ஒரே தட்டு. கிளிக்னு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா இன்னும் உக்காரல, இழுத்து பாத்தா வரவே கூடாது. வாஷர மறந்துடாத.

அரைக்கண்ணாடி:
வாஷர மறந்துட்டேன் அண்ணே. மாட்டி கிளிக் சத்தமும் கேட்டு சந்தோஷத்துல எந்திரிச்சா டேஷ்போர்டு மேல வாஷர் என்னைய பாத்துகிட்டு இருக்கு. திரும்ப துணி, திரும்ப பாலிஷ். இந்த தடவ கிளிப் பறக்கும்னு தெரிஞ்சு மேல இன்னொரு துணிய போட்டு மூடிகிட்டேன், அதுலயே விழுந்துச்சு.

ரெக்சின வட்டமா வெட்டிட்டேன், ஹேண்டில் இப்ப பக்கத்து டோர்ல இருக்குற மாதிரியே உள்ள வாங்கி உக்காந்துருக்கு. பழைய ஹேண்டில எடுத்துட்டு போய் பல்லு எண்ணி ஓட்டை அளவு பாத்துதான் புதுசு வாங்குனேன், பாக்க ஒரே மாதிரி இருந்த ஒன்னுல பல்லு எண்ணிக்கையே வேற, நல்லவேள எண்ணி பாக்காம வாங்கல. கிளிப்பும் எச்சா ரெண்டு வாங்கிட்டேன். ரெண்டு விரல்னு சொல்ல மாட்டேன், மூணு விரல்ல போகுது.

ஒரே ஒரு விஷயம், கண்ணாடி மூடிருக்கும்போது ஹேண்டில் நேரா என் முட்டியில இடிக்கிற மாதிரி நிக்குது.

பட்டறைமூலை:
பக்கத்து டோர்ல மூடுனா எந்த கோணத்துல நிக்குதோ அதே கோணம் வர்ற மாதிரி ரெண்டு பல்லு தள்ளி மாட்டு. அதுக்கும் கழட்டித்தான் ஆகணும். 😀

அரைக்கண்ணாடி:
மூணாவது தடவ கழட்டியாச்சு, இப்ப கண்ண மூடிகிட்டே கழட்டுவேன். பக்கத்து டோர்ல இருந்து பறந்த அந்த கிளிப் இன்னைக்குதான் கெடச்சுது, சீட்ட முன்ன தள்ளும்போது கரகரன்னு ஏதோ மாட்டுச்சு, பாத்தா சீட் ரெயில் பல்லுக்குள்ள உக்காந்துருக்கு. சீட் இப்ப நகர மாட்டேங்குது. அதுக்கு தனியா இழை போடவா?