தொண்டை அடைப்பான் (டிப்தீரியா): 5 வயது ஊசி விட்டுப்போயிருக்கு, இப்போ போடலாமா?

ஈரோட்டுக்காரி கேட்டது:

பையனுக்கு 5 வயது 8 மாதம், எடை 18 கிலோ. கார்டில் 6, 10, 14 வாரத்துப் பென்டாவேலன்ட் (தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஐந்து நோய் ஊசி) மூன்றும், ஒன்றரை வயது டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான ஊசி) பூஸ்டரும் குறித்திருக்கு. 5 வயதில் போட வேண்டிய கட்டம் மட்டும் காலி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் என்று சுகாதாரத் துறையிலிருந்து வந்து விசாரித்துப் போயிருக்கிறார்கள்.

ஏற்கெனவே நாலு ஊசி போட்டாச்சே, போதாதா? தாமதமானதால் முதலிலிருந்து ஆரம்பிக்கணுமா? தனியார் கிளினிக்கில் "வலியில்லா ஊசி" போடச் சொல்றாங்க, அது இதுக்குச் சேருமா? சாதாரணத் தொண்டை வலிக்கும் இதுக்கும் வித்தியாசம் வீட்டிலேயே தெரியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தடுப்பூசிக் கணக்கு:

முதலிலிருந்து ஆரம்பிக்கவே வேண்டாம். இரண்டு டோசுக்கு நடுவில் இடைவெளி குறைந்தால்தான் சிக்கல், கூடினால் இல்லை. போட்ட நாலும் கணக்கில் நிற்கும். விட்டுப்போன ஒன்றை மட்டும் போட்டால் போதும். வருகிற புதன்கிழமையே கார்டோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போங்க. டிபிடி 0.5 மி.லி., இந்த வயதில் மேல்கையில் தசைக்குள் போடுவார்கள்.

ஆனால் "போதாதா" என்ற கேள்விக்குப் பதில்: போதாது. குழந்தையில் போட்ட மூன்றும் நல்ல பாதுகாப்பு தரும், ஆனால் வருடம் போகப் போக ரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்கிக்கொண்டே வரும். அதை மறுபடி ஏற்றிவிடத்தான் ஒன்றரை வயதிலும், 5-6 வயதிலும், பிறகு 10, 16 வயதிலும் போடுகிறார்கள். நம் பக்கத்தில் கைக்குழந்தை ஊசியை யாரும் அவ்வளவாகத் தவறவிடுவதில்லை. ஒன்றரை வயதுக்கு அப்புறம்தான் கார்டு பீரோவுக்குள் போய்விடுகிறது. அதனால்தான் இந்த நோய் இப்போது கைக்குழந்தைகளை விட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் தெரிகிறது. 2016-ல் கேரளத்தின் மலப்புரத்தில் பரவியபோது பதின்ம வயதினரும் அதில் இருந்தார்கள்.

7 வயது முடியும் முன் போட்டுவிட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிபிடி அதுவரைக்கும்தான். அதற்குமேல் போடுவது பெரியவர்களுக்கான டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி. டிபிடியில் ஒரு டோசுக்குக் குறைந்தது 30 அலகு டிப்தீரியா டாக்சாய்டு (சாதுவாக்கிய நச்சு) இருக்கும், இதில் குறைந்தது 2 அலகு என்பதுதான் கணக்கு. பெரியவர்களுக்கு முழு அளவைப் போட்டால் கை கடுமையாக வீங்கும் என்பதால் குறைத்திருக்கிறார்கள். "டிபிடி ஸ்டாக் இல்லை, பையனுக்கு இதையே போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துடுங்க.

வலியில்லா ஊசி விஷயம்: இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கக்குவான் இருமல் பகுதியில்தான். அரசு டிபிடியில் கொல்லப்பட்ட முழுக் கிருமி இருக்கும், தனியார் ஊசியில் அதன் சில புரதங்கள் மட்டும். அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. டிப்தீரியாவுக்கு இரண்டுமே சேரும். முந்தைய டோசில் காய்ச்சல் ரொம்பப் படுத்தியிருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் இதற்குக் காசு செலவு பண்ணத் தேவையில்லை என்பது என் கருத்து.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்க. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் பையனுக்கு 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி.; 125 மி.கி. சிரப் என்றால் 10 மி.லி. இந்த இரண்டு பாட்டிலையும் மாற்றிக் குழப்பிக்கொள்வது சகஜம், லேபிளைப் பார்த்து ஊற்றுங்க. ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் வருமுன்னே கொடுத்து வைக்கவும் வேண்டாம். வீங்கின இடத்தில் ஈரத்துணி போதும், தேய்க்காதீங்க.

சளி, லேசான இருமல் இருந்தாலும் ஊசி போடலாம். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, போட்ட 7 நாளுக்குள் மூளை பாதிப்பு, நினைவு தப்புதல் மாதிரி ஏதாவது நடந்திருந்தாலோ மட்டும் மருத்துவரிடம் முதலில் சொல்லணும்.

வார்டு டாக்டர்:

தொண்டை வலி பற்றி நான் சொல்கிறேன்.

சாதாரண டான்சில் வீக்கத்தில் காய்ச்சல் திடீரென்று 102, 103 என்று ஏறும். டான்சிலில் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அவை டான்சிலைத் தாண்டாது. தொண்டை அடைப்பானில் காய்ச்சல் பெரும்பாலும் 101-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஆனால் பிள்ளை அந்தக் காய்ச்சலுக்குப் பொருந்தாத அளவு சோர்ந்து கிடக்கும். தொண்டையில் சாம்பல் வெள்ளையில் தோல் போல ஒரு படலம், டான்சிலில் தொடங்கி உள்நாக்கு, மேல் அண்ணம் வரை படரும். வாயில் ஒரு கெட்ட வாடை. முற்றினால் கழுத்து இரண்டு பக்கமும் புடைத்து, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்தே இல்லாதது மாதிரி ஆகிவிடும்.

டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஸ்பூனால் படலத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அது அடியில் ஒட்டியிருக்கும், பிய்த்தால் ரத்தம் வரும், பிய்ந்த துண்டு மூச்சுக்குழாயில் போய் அடைக்கவும் செய்யும். படலம் தெரிந்தாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ, கிளினிக் கிளினிக்காக அலையாமல் நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போங்க. நேராக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கு.

இந்தக் கிருமி ரத்தத்தில் பரவுவதில்லை. தொண்டையிலேயே உட்கார்ந்து ஒரு நச்சை உற்பத்தி பண்ணும். நச்சுதான் ரத்தத்தில் போய் இதயத்தசையையும் நரம்பையும் பிடிக்கிறது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், வெளியே வந்துவிட்ட நச்சை ஒன்றும் செய்யாது. நச்சை முறிக்க வேறு மருந்து வேணும்: குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிடாக்சின். 1890-ல் பெரிங்கும் கிடசாட்டோவும் கண்டுபிடித்த வழி, இன்றைக்கும் அடிப்படையில் அதேதான். சுதந்திரமாக ஓடும் நச்சைத்தான் அது பிடிக்கும். செல்லுக்குள் நுழைந்துவிட்டதை மீட்காது. அதனால்தான் லேப் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல், பார்த்துச் சந்தேகம் வந்ததுமே போடுகிறோம். இரண்டு நாள் வேறு மாத்திரையில் ஓட்டிவிட்டு வரும் பிள்ளைகளிடம்தான் எங்களுக்குக் கஷ்டம்.

இதன் அளவு எடையைப் பொறுத்தது அல்ல, படலம் எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. தொண்டையில் மட்டும், இரண்டு நாளுக்குள் என்றால் 20,000 முதல் 40,000 அலகு. கழுத்து புடைத்து மூன்று நாள் தாண்டினால் 80,000-க்கு மேலே போகும். குதிரைச் சீரம் என்பதால் ஒவ்வாமை வரலாம். முதலில் சிறு அளவில் சோதித்து, பக்கத்தில் ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசி வைத்துக்கொண்டுதான் ஏற்றுவோம். எல்லா ஊரிலும் ஸ்டாக் இருக்காது. 2018-ல் டெல்லியில் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தபோது இந்த மருந்து கைவசம் இல்லாததுதான் பெரிய பேச்சு.

இன்னொன்று. தொண்டை சரியாகி வீட்டுக்கு வந்தபின்னும் ஆபத்து முடியாது. முதல் இரண்டு வாரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அதனால் ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஓடி விளையாட விடாமல் படுக்க வைப்போம். அதையொட்டியே அண்ண நரம்பு தளரலாம்: பிள்ளை மூக்கால் பேசும், தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். இதைச் சளி என்று விட்டுவிடாதீங்க.

நோய் வந்து தேறினாலும் எதிர்ப்புச் சக்தி நிச்சயமில்லை. தேறும் காலத்திலேயே தடுப்பூசி போட்டாகணும்.

சும்மா கேட்கிறேன்:

ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் வந்திருக்குன்னு படிச்சேன். அப்புறம் எதுக்கு ஊசி? ஃப்ரிட்ஜில் சரியா வைக்காத மருந்தாக்கூட இருக்கலாமே?

தடுப்பூசிக் கணக்கு:

நியாயமான கேள்வி. இந்த ஊசி கிருமிக்கு எதிரானது இல்லை, நச்சுக்கு எதிரானது. ஃபார்மலின் போட்டுச் சாதுவாக்கிய நச்சைத்தான் உடம்புக்குக் காட்டுகிறோம். அதனால் முழுசாக ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையிலும் கிருமி தங்கலாம். அந்தப் பிள்ளை பெரும்பாலும் படுக்காது. வந்தாலும் லேசாகப் போகும். ஆனால் இருமலில் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு. ஊரில் மற்றவர்கள் போட்டிருக்காங்களே, நம் பிள்ளைக்கு எதுக்கு என்ற கணக்கு இங்கே முழுசாகச் செல்லாது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் ஊசி.

செய்தியில் "தடுப்பூசி போட்டவர்" என்று வருவதில் எத்தனை டோஸ், கடைசி எப்போது என்று பாருங்க. பல சமயம் மூன்றோடு நின்றதாக இருக்கும்.

குளிர்பெட்டி:

ஃப்ரிட்ஜ் சந்தேகத்துக்கு: 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். எல்லாரும் சூட்டுக்குப் பயப்படுவார்கள், டிபிடிக்கும் பென்டாவுக்கும் பெரிய எதிரி உறைபனி. இவற்றில் மருந்து அலுமினிய உப்பின் மேல் ஒட்டியிருக்கும். ஒரு தடவை உறைந்தால் அது திரண்டு கட்டியாகிவிடும், உருகினாலும் பழைய நிலைக்கு வராது, வீரியம் போச்சு. குப்பி மேல் ஒட்டியிருக்கும் வட்டம்-சதுர அடையாளம் சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

கிடங்கில் சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே ராத்திரி முழுக்க உறைய வைத்து, உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அரை மணிக்குள் உறைந்தது அடியில் படிந்துவிடும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில்தான் தப்பு நடக்க வாய்ப்பு அதிகம். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வேர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கணும். அப்புறம்தான் நாலு பேக்கையும் சுவரோரம் நிறுத்தி, மருந்தை நடுவில் பாலித்தீன் பையில் வைக்கணும்.

நீங்கள் பார்க்கக்கூடியது: டிபிடி குப்பி பல டோஸ் உள்ளது, திறந்தபின் சரியாக வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். திறந்த தேதியும் நேரமும் லேபிளில் எழுதியிருக்கணும். கேட்டுப் பார்க்கலாம், செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஈரோட்டுக்காரி:

ரொம்ப நன்றி, புதன்கிழமை கூட்டிப் போறேன். இன்னும் இரண்டு. அந்தப் பள்ளியில் என் நாத்தனார் பையன் அதே வகுப்பில் படிக்கிறான், அவனுக்கு 9 வயது. வீட்டில் பெரியவர்களுக்கு ஏதாவது போடணுமா? எங்களுக்கெல்லாம் அடிபட்டப்போ டிடி போட்டிருக்கு.

வார்டு டாக்டர்:

ஒரே வகுப்பு, ஒரே வீடு, ஒரே விடுதி என்றால் நெருங்கிய தொடர்பு. மருந்து தொடங்குமுன் தொண்டைச் சளியைச் சோதனைக்கு எடுப்பார்கள். அப்புறம் எரித்ரோமைசின் 7 முதல் 10 நாள். அல்லது பென்சாத்தின் பென்சிலின் ஒரே ஊசி, 6 வயதுக்குள் 6 லட்சம் அலகு, அதற்குமேல் 12 லட்சம். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று முதலில் சொல்லணும். மாத்திரை என்றால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தப்பு. பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று தோன்றும், கிருமி தொண்டையிலேயே இருக்கும். கடைசி டோஸ் போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் பூஸ்டரும் உண்டு. 9 வயது என்பதால் அவனுக்குப் பெரியவர்களுக்கான ஊசி. 10 நாள் வரை தினமும் தொண்டையையும் காய்ச்சலையும் பார்க்கச் சொல்லுங்க.

தடுப்பூசிக் கணக்கு:

பெரியவர்கள் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கு. முன்பு அடிபட்டால், கர்ப்பத்தில், 10, 16 வயதில் போட்டது டெட்டனஸ் டாக்சாய்டு மட்டும். அதில் டிப்தீரியா கிடையாது. 2019 வாக்கில்தான் அரசுத் திட்டத்தில் அதற்குப் பதிலாக டெட்டனஸ்-டிப்தீரியா சேர்ந்த ஊசி வந்தது. வாயால் சொன்னால் இரண்டுமே "டிடி" என்றுதான் காதில் விழும், அதனால் குப்பியில் டிப்தீரியா என்ற பெயர் இருக்கா என்று படித்துப் பாருங்க. நீங்கள் போட்டது பழையதாக இருந்தால், தொண்டை அடைப்பானுக்கு அது கணக்கில் வராது.

பெரியவர்களுக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். 1990-களில் பழைய சோவியத் நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலானவர்களைப் பிடித்தது. அதில் பெரியவர்கள் ஏராளம். 10 வருடத்துக்கு ஒருமுறை பூஸ்டர் என்பது பொதுக் கணக்கு. இப்போது ஊரில் முகாம் போட்டால் வரிசையில் நின்று போட்டுக்கொள்ளுங்க. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்குத் திட்டத்திலேயே உண்டு: முதலில் ஒன்று, நாலு வாரம் கழித்து இன்னொன்று, முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடத்துக்குள் என்றால் ஒரே பூஸ்டர்.