பீட்ரூட் அல்ல, இரத்தம்

அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சிக்கு 78 வயது, ஊர் காங்கயம் பக்கம். தென்னந்தோப்பு ஓரமாகவே ஒதுங்கிப் பழகியவர். மண் குடித்துவிட்டால் நிறம் யாருக்குத் தெரியும்? முழங்கால் வலிக்காக வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த பிறகுதான் வெள்ளைக் கோப்பையில் சிறுநீர் சிவப்பாக இருந்ததை அம்மா பார்த்தார். "நேற்று பீட்ரூட் பொரியல் தின்றேன் அம்மிணி. வலியே இல்லை, எதற்கு ஆஸ்பத்திரி?" என்று வாயை அடைத்துவிட்டார்.

உள்ளூரில் சிறுநீர்த் தொற்று என்று மூன்று முறை மாத்திரை. சிறுநீர்க் கல்ச்சர் சோதனையில் கிருமியே வளரவில்லை என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டே அதே மாத்திரையை மறுபடி எழுதினார்கள். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கோவையில் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து, கட்டியைச் சுரண்டிப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். பீடி பிடிப்பாரா, சாயப்பட்டறையில் வேலை பார்த்தாரா என்பவைதான் டாக்டரின் முதல் கேள்விகள். வேட்டி மடிப்பில் பீடிக்கட்டோடு உட்கார்ந்திருந்த அப்புச்சி, "விட்டுவிட்டேனுங்க" என்றார்.

சிறுநீர்ப்பைப் புற்றில் பத்துக்கு ஒன்பது, பையின் உள்சுவர்ச் செல்களில் வரும் யூரோதீலியல் வகைதான். இவருக்கு வந்தது ஸ்மால் செல். இந்தப் புற்று வந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூட வராத வகை. உடனே சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தோம். ஆனால் இது சீக்கிரம் பரவுகிற ரகம் என்பதால் மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. எடுத்துவிட்டு, கீமோவில் ஆரம்பித்தார்கள். வழக்கமாக எட்டோபோசைடு மருந்துடன் சிஸ்பிளாட்டின். சிறுநீரகம் சோர்ந்ததைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்ததால் இவருக்குக் கார்போபிளாட்டின். 21 நாளுக்கு ஒன்றாக நான்கு சுற்று, பிறகு கதிர்வீச்சு. வயதைவிட, தானாக எழுந்து தோப்புவரை நடக்கிறாரா என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நடந்தார். கடைசி சி.டி.யில் கட்டி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா உண்டு.

பெருந்துறையிலிருந்து இன்னொருவர் எழுதியது:

என் மாமியாருக்கு 71. உள்பாவாடையில் கறை பட்டதும் கர்ப்பப்பைக் கோளாறு என்று நினைத்து அந்தப் பக்கமே அலைந்தோம். கடைசியில் சிறுநீர்ப்பையில் ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகைப் புற்று. வருடக்கணக்காகக் கல்லோடு இருந்தவர். அந்த உறுத்தலும் காரணமாகலாம் என்றார் டாக்டர். இதற்குக் கீமோ அவ்வளவாகக் கேட்காதாம், அறுவைதான். சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து வயிற்றில் சிறுநீருக்கு வழி வைத்து, வெளியே பிளாஸ்டிக் பை மாட்டிவிட்டார்கள். முதல் மாதம் அழுதுகொண்டே இருந்தார். மாரியம்மன் நோம்பிக்கு அவரே பையைக் காலி செய்து, கண்டாங்கிக்குள் மறைத்துக்கொண்டு மாவிளக்கு எடுத்தார்.

சித்திரை வெயிலில் பை ஒட்டும் இடம் வெந்து சிவக்கிறது. நீங்கள் யாராவது என்ன போடுகிறீர்கள்?