மறு: 'கவுன்டி' தொகுதிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர்க்கு வணக்கம்.

> 'ஊரகத் தொகுதி' என்றே வைத்துவிடலாமே? நகரத் தொகுதிக்கு எதிர்ச்சொல் அதுதானே?

ஐயா, இந்தச் சொல் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிக்கொண்டிருப்பது 1832-இல் மூன்றாகப் பிரிந்து மறைந்த யார்க்ஷயர் தொகுதியின் வரலாறு. யார்க்ஷயர் இங்கிலாந்தின் ஒரு கவுன்டி, அதாவது பழைய நிலப் பிரிவு; அது முழுவதும் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிய தொகுதிதான் கவுன்டி தொகுதி. 'ஊரகம்' அங்கே பொருளையே கெடுத்துவிடும்.

அதற்குள் இருந்த லீட்ஸ், ஷெஃபீல்டு, பிராட்ஃபோர்டு மூன்றும் பெரிய தொழில் ஊர்கள். ஆனால் 1832 வரை நாடாளுமன்றத்தில் அவற்றுக்குத் தனி இடம் கிடையாது (1650-களில், கிராம்வெல் ஆட்சியில், லீட்ஸுக்குக் கொஞ்ச நாள் இருந்தது). அங்கிருந்த துணிக்காரர்களும் கத்தி செய்பவர்களும் யார்க்ஷயர் தொகுதியில்தான் வாக்களித்தார்கள். ஆண்டுக்கு 40 ஷில்லிங் பெறுமானமுள்ள சொந்த நிலமோ வீடோ இருந்தால் வாக்கு உண்டு. 1430-இல் வந்த இந்தச் சட்டம் 400 ஆண்டு நின்றது.

1807 தேர்தலைப் பாருங்கள். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகுதியில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. பெரிய குடும்பங்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடும். அந்த ஆண்டு பேச்சு முறிந்தது. இத்தனை பெரிய பரப்புக்கு வாக்களிக்கும் இடம் யார்க் நகரம் ஒன்றுதான். வண்டியிலும் படகிலும் ஆள் கொண்டுவந்தார்கள். வந்தவர் மேடையேறித் தன் பெயர், ஊர், தன் நிலம் இருக்கும் இடம், யாருக்கு வாக்கு என்பதை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். எழுத்தர் ஏட்டில் பதிவார். 15 நாள் இப்படி நடந்தது. போட்டியிட்ட மூவர் பெற்ற வாக்குகள்: வில்பர்ஃபோர்ஸ் 11,808, மில்ட்டன் 11,177, லாசெல்ஸ் 10,990. இடங்கள் இரண்டே என்பதால் 187 வாக்கில் லாசெல்ஸ் தோற்றார். துணி நெய்யும் ஊர்களுக்கு அவர்மேல் இருந்த கோபம் அதற்கு ஒரு பெரிய காரணம். இதை 'ஊரகத் தொகுதி' என்று எழுதினால் வாசகர் வயலையும் ஆட்டு மந்தையையும்தானே நினைப்பார்?

ஆகவே முதலில் வாக்காளருக்கு ஒரு சொல் தேவை. 'நிலவுடைமையாளர்' என்றால் பெரிய பண்ணையார் போல் ஒலிக்கிறது. நிலத்தின் மீதான உரிமைக்கு நம்மிடம் 'காணி' என்ற பழைய சொல் இருக்கிறது, அதனால் 'காணியாளர்' என்கிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே நிலம் மட்டும் கணக்கில்லை. பாதிரியாரின் திருச்சபைப் பதவி போன்ற ஆயுட்கால உரிமைகளும் அதே தகுதியைத் தந்தன. நம் கல்வெட்டுகளிலும் நட்டுவக்காணி (நட்டுவருக்கு), உவச்சக்காணி (கோயிலில் வாத்தியம் இசைப்பவருக்கு) என்று பணியுரிமைக்கும் காணி என்றே பெயர். இவ்வளவு ஒட்டிவரும் சொல் இன்னொன்று கிடைக்காது.

> அப்படியானால் 'மாவட்டத் தொகுதி' போதுமே, அனைவருக்கும் புரியும்.

அம்மா, புரியும்தான். ஆனால் இங்கிலாந்தில் கவுன்டிக்குள்ளேயே மாவட்டங்கள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கு வேறு சொல் தேடி அலைய வேண்டிவரும். தவிர, மாவட்டம் என்றால் அரசு கோடு போட்டுப் பிரித்தது. கவுன்டி அப்படி இல்லை. தனக்கென நீதிமன்றமும் ஷெரிஃப் என்ற அரசரின் அதிகாரியும் கொண்ட பழைய நில அமைப்பு. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் வழக்கமே அந்த மன்றத்தில் பிறந்தது.

'நாடு, நகரம்' என்ற சோழர்கால இணை என்னை வெகுவாக இழுத்தது (அன்று நாடு என்பது ஊர்கள் சேர்ந்த வட்டாரம்). இன்று 'நாட்டுத் தொகுதி' என்றால் தேசம் என்று படிப்பார்கள், மனமில்லாமல்தான் விட்டேன். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்கள் நினைவுக்கு வந்தன. மண்டலத்துக்குக் கீழே, நாட்டுக்கு மேலே நிற்கும் அளவு. எனவே 'கோட்டத் தொகுதி'.

வருவாய்க் கோட்டம், ரயில்வே கோட்டம் என்று ஏற்கெனவே இருப்பது இடைஞ்சல்தான். 'யார்க்ஷயர் கோட்டத் தொகுதி' என்று இடப்பெயரோடு எழுதும்போது அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

அதன் உறுப்பினர்களைப் பழைய ஆவணங்கள் 'கோட்டத்து வீரர்' (knight of the shire) என்ற பொருளில் குறிக்கின்றன. தொடக்கத்தில் வாள் தரித்தவர்களையே அனுப்பினார்கள். வில்பர்ஃபோர்ஸோ ஹல் நகர வணிகர் மகன். அவரை வீரர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'கோட்டத்து உறுப்பினர்' என்று வைத்திருக்கிறேன். இதைவிடப் பழைய மணமுள்ள சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கட்டுரையை ஞாயிறன்று முடிக்க எண்ணம்.