பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி

செல்வி அக்கா: அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நன்றாக இருக்கிறார். தாளில் "லேப்பராஸ்கோபிக் கோலிசிஸ்டெக்டமி" என்று எழுதியிருக்கிறார்கள்.

சுந்தரம் மாமா: செல்வி, நடுவில் "சிஸ்ட்" என்று வருகிறதே! கல் என்றுதானே சொன்னீர்கள்? கட்டியும் இருந்ததா? மறைக்காதே.

லதா அத்தை: ஐயோ, அண்ணிக்குக் கட்டியா?

கயல்: பதறாதீர்கள் அத்தை. எங்கள் நர்சிங் வகுப்பில் முதலில் நடத்துவதே இதுதான். கிரேக்கத்தில் கோலே என்றால் பித்தம். சிஸ்ட் என்பது பை. எக்டமி, வெட்டி எடுப்பது. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கயல்: லேப்பரோ என்பது வயிற்றைக் குறிக்கும், ஸ்கோப் என்றால் பார்ப்பது. சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்துச் செய்திருக்கிறார்கள். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற மருத்துவர்தான் பித்தப்பையை முதன்முதலில் இப்படி எடுத்தார்.

சுந்தரம் மாமா: எனக்கு ஒருமுறை "சிஸ்டைட்டிஸ்" என்று எழுதினார்களே?

கயல்: ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி மாமா. உங்களுக்கு வந்தது சிறுநீர்ப்பையில். அதுவும் பைதானே!

செல்வி அக்கா: நோயின் பெயர் "கோலிலித்தியாசிஸ்" என்று இருக்கிறது.

கயல்: லித் என்றால் கல். பித்தக்கல் அக்கா.

சுந்தரம் மாமா: வாலைப் பிடித்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் போலிருக்கிறது. டமி என்று முடிந்தால் எடுத்துவிட்டார்கள், சரியா?

கயல்: அவசரப்படாதீர்கள். எக்டமி என்றால்தான் எடுப்பது. ஆட்டமி, வெட்டித் திறப்பது மட்டும். ஆஸ்டமி, உடம்பில் புதிதாக ஒரு வாய் அமைப்பது. ஓர் எழுத்து கூடினால் அறுவை சிகிச்சையே வேறு.

சுந்தரம் மாமா: ஓமா என்றால் புற்றுநோய். அது எனக்கே தெரியும்.

கயல்: அங்கேதான் வால் ஏமாற்றும்! லிப்போமா வெறும் கொழுப்புக் கட்டி, புற்று அல்ல. ஹெமட்டோமா இரத்தக்கட்டு. கிளாக்கோமா கண்நோய், அதில் கட்டியே கிடையாது. தாளைப் பார்த்து நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சுந்தரம் மாமா: கோலே பித்தம் என்றால், கொலஸ்டிரால்?

கயல்: சபாஷ் மாமா! அதை முதலில் கண்டெடுத்ததே பித்தக்கற்களில்தான். நடுவில் இருக்கும் ஸ்டீரியோஸ் திடமானது என்று பொருள்படும். கடைசியில் வரும் ஆல், வேதியியல் கணக்கில் ஆல்கஹால் இனம்.

லதா அத்தை: ஆல்கஹால் என்றதும் இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படிக்கிறார்.

பெரியம்மா: கயல், பை போய்விட்டது. இனி பித்தம் எங்கே போகும்?

கயல்: பித்தம் சுரப்பது கல்லீரலில், பெரியம்மா. பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. இனி நேராகக் குடலுக்குப் போய்விடும். கொஞ்ச நாளைக்கு எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேண்டாம்.

பெரியம்மா: லதா கொண்டுவருவதாகச் சொன்ன அதிரசம்?

லதா அத்தை: அந்தக் கவலையே வேண்டாம் அண்ணி. உங்கள் தம்பி டப்பாவைக் காலி செய்துவிட்டார்.