புதுப்பிப்பு: டிஎஃப்எஸ்ஏ-க்குள் பங்கை விற்று வேறு வாங்கியது

கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏ-யில் இருக்கும் வங்கிப் பங்குகளை விற்று, அதே பணத்தில் ஒரு இடிஎஃப் (பல பங்குகளை ஒன்றாகச் சேர்த்து, சந்தையில் பங்கு போலவே விற்கப்படும் நிதி) வாங்கினால், இந்த வருடம் கணக்கில் பணம் போடுவதற்கான வரம்பு குறையுமா என்று முன்பு கேட்டிருந்தேன். விற்று, வாங்கியும் முடித்துவிட்டேன். வரம்பு குறையவில்லை. பணம் கணக்கை விட்டு வெளியே வராதவரை அது புதிய பங்களிப்பு ஆகாது. லாபத்துக்கும் வரி இல்லை. தினமும் வாங்கி விற்பதைத் தொழிலாகவே செய்தால் மட்டும் கனடா வருவாய் முகமை வரி கேட்கலாம்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. விற்ற பணத்தைச் சாதாரண வங்கிக் கணக்குக்கு எடுத்தால், அந்த வரம்பு அடுத்த ஜனவரி 1 அன்றுதான் திரும்பக் கிடைக்கும். மீதி வரம்பு இல்லாமல் அதே வருடம் திருப்பிப் போட்டால், அதிகமான தொகைக்கு மாதம் 1% வரி. தயவுசெய்து இதை லேசாக எடுக்காதீர்கள்.

அப்புறம், நட்டத்தில் விற்பவர்களுக்கு: அந்த நட்டத்தை வரிக் கணக்கில் கழிக்க முடியாது, கரைந்த பணத்துக்கான வரம்பும் திரும்பி வராது. அதனால்தான் இந்தக் கணக்கில் ஊகப் பங்குகளை வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அமெரிக்கப் பங்கு என்றால் ஈவுத்தொகையில் பொதுவாக 15% வரியை அங்கேயே பிடித்துவிடுவார்கள். டிஎஃப்எஸ்ஏ-யில் அதை மீட்க வழியில்லை.