புதுப்பிப்பு: உருளைக்கிழங்கு இலைத் தேமல், வரிசையாக்க முடிவு

நீலகிரியில் எங்கள் உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகள் தேமல் படர்ந்து சுருங்கியதையும், வைரஸின் புரதத்தைக் கண்டறியும் எலைசா சோதனையில் உருளைக்கிழங்கைத் தாக்கும் ஒய் வைரஸ் (PVY) இருப்பது உறுதியாகியும் அதன் வகை தெரியாமல் போனதையும் முன்பு எழுதியிருந்தேன். இலை மாதிரிகளின் மரபணு வரிசையாக்க முடிவு இப்போது வந்துவிட்டது.

தாக்கும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைச் செடி 21, 22 எழுத்து (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமுள்ள துண்டுகளாக வெட்டித் தன்னைக் காத்துக்கொள்ள முயலும். அந்தத் துண்டுகளைப் படித்துக் கணினியில் கோத்தால், எந்த வைரஸ் என்று முன்கூட்டி ஊகிக்காமலேயே அதன் மரபணுத்தொகுதி வெளிப்படும். ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஒய் வைரஸின் வரிசையில் சில பகுதிகள் அதன் ‘ஓ’ (O) வகையையும் மற்றவை ‘என்’ (N) வகையையும் ஒத்திருந்தன. இரண்டும் கலந்து உருவான மறுசேர்க்கை வகை இது. வைரஸை மூடியிருக்கும் உறைப்புரதத்தை மட்டுமே அடையாளம் காணும் எலைசாவால் இதைக் காட்ட இயலாது. சேமித்திருந்த கிழங்குகளை எடுத்துப் பார்த்தேன்; சிலவற்றின் தோலில் பழுப்பு வளையங்கள் சற்றே புடைத்திருந்தன. இவ்வகை வைரஸ்கள் சில ஏற்படுத்தும் அடையாளம்தான் அது.

நான் தேடச் சொல்லாத, உருளைக்கிழங்கைத் தாக்கும் இன்னொரு வைரஸான எஸ் வைரஸும் (PVS) அதே மாதிரியில் இருந்தது. பெரும்பாலும் இலையில் குறியே காட்டாத இது தாக்கிய செடிகளைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கி அகற்ற முயல்வது வீண் என்பதே என் கருத்து.

சாறு உறிஞ்சும் பூச்சியான அசுவினி சில நொடிகள் உறிஞ்சினாலே ஒய் வைரஸைக் கடத்திவிடுவதால், மருந்தடித்து மட்டும் தடுக்க முடியாது. ஆகவே இந்தக் கிழங்கு எதையும் விதைக்கு வைக்காமல், சோதித்த விதைக்கிழங்கையே அடுத்த போகத்துக்கு வாங்குகிறேன்.